மெரிட் கிடைத்ததால் வேண்டாமென்று விட்ட காலேஜ்

காலை பஸ்ஸில் நெல்லித்தோப்பில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை என்பது அவர்கள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையில் தெரிந்தது. இளையவள் சொன்னதைக் கேட்டதும் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"எம்பொண்ணுக்கு மெரிட் ஸ்காலர்ஷிப் குடுத்துட்டாங்கக்கா. அதான் அந்த பிரைவேட் காலேஜே வேணாம்னு வந்துட்டோம்."

"ஏண்டி, குடுத்தா சேர்க்க வேண்டியதுதானே?"

"ப்ளஸ் டூல அவ வாங்குனது அறுவது பர்சென்ட்டு. 'உங்க பொண்ணு திறமைசாலி, பாதி ஃபீஸ் கட்டுனா போதும்'னு சொல்லி, சர்டிபிகேட்டும் குடுத்தாரு ஆபீஸ்காரரு. எனக்கு அங்கயே கண்ணு கலங்கிடுச்சி. பக்கத்துல ஒரு புள்ள, எல்லாத்துலயும் பார்டர் பாஸ். அதுக்கும் அதே பாதி. எம்பொண்ணு எழுந்து, 'சார், முழு ஃபீஸ் யாரு கட்டுறாங்க?'ன்னு கேட்டுட்டா."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சிக்கினே, 'இதுவரைக்கும் யாரும் இல்லம்மா'ன்னாரு."

மூத்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஆடித் தள்ளுபடிதான் போ! அப்புறம்?"

"அந்தப் பாதிய கட்டவே எங்களால முடியாதுக்கா. கவர்மெண்ட் காலேஜ்ல பி.காம் கேட்டோம், வரலாறுதான் கெடைச்சிது. சேர்ந்துட்டா."

"நல்லதாப் போச்சு. அவுங்க குடுத்த சர்டிபிகேட்ட கிழிச்சிப் போட்டியா?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"லாமினேட் பண்ணி செவுத்துல மாட்டிட்டேன். பன்னெண்டு வருஷப் படிப்புல அவளத் திறமைசாலின்னு எழுதிக் குடுத்தது அவுங்க மட்டுந்தான்க்கா."