காற்று நாற்காலி போடுவதில்லை

மேடையில் வீற்றிருக்கும் பறப்புக் கழகத் தலைவர் பாரன் சென்ட்காலி அவர்களே, மேயர் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் கறுப்பு உடையில் அமர்ந்திருக்கும் ஹெர்மினா அண்ணி அவர்களே, பின்னால் இடமில்லாமல் நிற்கும் மரோஷ் ஆற்றங்கரை மக்களே, வணக்கம்.

விமானி போதோக் கெரெகெஷ் இறந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த ஊரில் அவரோடு பறந்த இன்னொருவன் நான் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய தலைவர், காற்று சதி செய்துவிட்டது என்றார். புடாபெஸ்ட் பத்திரிகைகளுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

காற்றா?

வசந்தத்தில் மரோஷ் பெருகியபோது வண்டிக்காரர் தெருவே கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்ததே, அவர்களைத் தேடிப் போனவர் யார்? போதோக் கெரெகெஷ். எங்கே இறங்கினார்? இரண்டு பக்கமும் வெள்ளம் ஓடிய கரைமேட்டில், ஒரு வண்டி போகிற அகலத்தில். அன்றும் காற்று அடித்தது. அங்கே இறங்கத் தெரிந்தவருக்குக் குதிரைப்படை மைதானத்தில் இறங்கத் தெரியவில்லையா?

தெரிந்தது. ஆனால் மைதானத்தின் மேற்குக் கோடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். காற்று நாற்காலி போடுவதில்லை.

பறப்பு விழா அன்று காலை, என் கண்முன்னே அவர் தலைவரிடம் கேட்டார்.

"ஐயா, மேற்குக் கோடியில நாற்காலி வேணாங்க. சாயங்காலம் காத்து திரும்பினா அந்தப் பக்கமா ஓடித்தான் நிக்கணும். இதுல பிரேக் கிடையாது."

"அதுக்குத்தானப்பா அங்க போட்டிருக்கு. சக்கரம் நேரா மூஞ்சிக்கு முன்னால வந்து நிக்கணும். சும்மா வானத்தைப் பாக்கவா எங்க வீட்டுப் பொம்பளைங்க புதுத் தொப்பி போட்டுட்டு வர்றாங்க? வண்டிக்காரன் மகன்தானே நீ, வளைச்சு ஓட்டத் தெரியாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிலர் இப்போது இந்த மேடையில் இருக்கிறீர்கள். போதோக்கும் சிரித்தார். பெரிய மனிதர் சிரித்தால் கூடச் சிரிப்பது எங்கள் தெருப் பழக்கம்.

சாயங்காலம் காற்று திரும்பியது. சக்கரம் தரையைத் தொட்டது. நாற்காலியில் இருந்தவர்கள் விலகவில்லை. பூங்கொத்தோடு எழுந்து எதிரே ஓடினார்கள். அவர் வளைத்தார். தலைவர் சொன்னபடியே வளைத்தார். இறக்கை மண்ணில் குத்தியது. பின்னால் இருந்த என்ஜின் அவர் முதுகின்மேல் வந்து விழுந்தது.

ஓடிவந்தவர்கள் உதவிக்கு வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இறக்கைத் துணியை ஞாபகார்த்தமாக அறுத்துக்கொள்ளக் கையில் பேனாக்கத்தி வைத்திருந்தார்கள். நான் இறக்கையைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறேன், ஒரு கனவான் சொல்கிறார்: "கொஞ்சம் தள்ளுப்பா. எனக்கு எழுத்து போட்ட துண்டு வேணும்."

கீழே போதோக் உயிரோடு இருந்தார்.

"டேய் கால்மான், துணி கிழியற சத்தம் கேக்குதுடா. ஹெர்மினா தைச்சது. வேணாம்னு சொல்லு."

சொன்னேன். கிழித்தார்கள். அவர் கடைசியாகக் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான்.

இந்த அரங்கில் எத்தனை பேர் கோட்டில் அந்தத் துணி துக்கச் சின்னமாகக் குத்தியிருக்கிறது? தன் தையல் அண்ணிக்குத் தெரியாதா? உள்ளே வரும்போது நீங்கள் ஆறுதல் சொல்லக் கை நீட்டினீர்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தார்.

மறைந்தவர் பணியைத் தொடர்வேன் என்று நான் உறுதி கூற வேண்டும். கூறுகிறேன். நாளை ஞாயிறு, கெரெகெஷ் நினைவு விழாவில் என் விமானத்தில் பறக்கிறேன். இன்று காலை மைதானத்துக்குப் போனேன். அதே மேற்குக் கோடியில் மறுபடியும் நாற்காலிகள். முதல் நாற்காலியில் தலைவர் பெயர். தலைவரிடம் எடுக்கச் சொன்னேன்.

"துக்க நேரத்துல வந்து நாற்காலி கணக்கு பேசுறியே, வெக்கமா இல்ல?" என்றார்.

சரி, இனி பேசவில்லை. போதோக் கெரெகெஷ் நல்ல மனிதர், அதனால் வளைத்தார். அவர் பணியில் அந்த ஒன்றை மட்டும் நான் தொடர மாட்டேன். நாளை சாயங்காலம் காற்று திரும்பினால், நேராக வருவேன்.

அண்ணி, நீங்க வடக்குப் பக்கமா உட்காருங்க.