கரண்ட் திரும்பிப் போற வழி

மிதுனா: ...இல்ல, கையை எடும். சார்ஜர் போர்டில இந்தச் செம்புப் பட்டையை வெட்டினா பிறகு ஒட்டேலாது.

ரிப்கான்: வெட்டாட்டி மட்டும்? நேத்து நாப்பது ஆம்பியருக்குப் போனவுடனே நிண்ட சார்ஜர் இண்டைக்கி சும்மா ஓடுமா?

மிதுனா: பத்தில நல்லா ஓடினதுதானே.

ரிப்கான்: ஷரீப் நானாட பற்றரியில ஓடுற த்ரீவீலுக்குப் பத்து காணாது, மிதுனா. கொச்சிக்கடையில ஒரு ஹயர் ஓடி ஆள இறக்கிட்டு அடுத்த ஹயருக்கு ஆள் ஏத்த முந்தி சார்ஜ் ஏறோணும் எண்டுதானே நாப்பது கேட்டார்.

மிதுனா: தெரியும். பதினொரு மணிக்கு வாறார் எண்டும் தெரியும். இண்டைக்கும் நிண்டா எங்கட ஒரே ஓடரை விட்டுட்டு அவர் வெளிநாட்டுச் சார்ஜரை எடுப்பார். நாங்கள் வெள்ளவத்தையில இந்த அறையைப் பூட்டிப்போட்டு வேற வேலை தேடுவம்... எல்லாம் உம்மால.

ரிப்கான்: என்னாலயா? போர்ட் வரைஞ்சது நீங்க.

மிதுனா: நான் வரைஞ்சதில பற்றரியின்ர மைனஸ் முனை வலப்பக்கம். சார்ஜரைப் பூட்ட நீர் புறக்கோட்டையில வாங்கின பெட்டியில வயர் ஓட்டை இடப்பக்கம். புது ஓட்டை போட அலுப்புப் பஞ்சிப்பட்டு, முனையைக் கழட்டி இடப்பக்கம் சோல்டர் பண்ணினீர்.

ரிப்கான்: உங்கள்ட்ட கேட்டுத்தான் பண்ணின. "எல்லாம் ஒரே கிரவுண்ட் செம்புதானே, எங்க வச்சா என்ன" எண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டே தலையாட்டினது யாரு?

மிதுனா: இஞ்ச பாரும். பற்றரியில இருந்து திரும்பி வாற நாப்பது ஆம்பியரும் இப்ப சிப்புக்குக் கீழால போகுது. போற வழியில கொஞ்ச வோல்ட் விழுது. சிப் அந்த இடத்தைத்தான் பூச்சியம் எண்டு வச்சு வோல்ட்டை அளக்குது. பூச்சியமே ஆடினா...

ரிப்கான்: அளவு பிழைக்கும், சார்ஜர் நிக்கும். நேத்துத் தொடக்கம் அதத்தானே செல்றேன். வெட்டுவம். பெரிய கரண்டுக்குத் தடிச்ச வயர் ஒண்டு, நேரா. சிப்புட கிரவுண்ட் தனியா வந்து ஒரேயொரு இடத்தில சேரட்டும்.

மிதுனா: ...ஆர் வெட்டுறது?

ரிப்கான்: நான் வெட்டுறேன். பிளேட்டைத் தாங்க.

மிதுனா: மெதுவா. அங்கால போகாதையும்... ஓம்... காணும், காணும்.

ரிப்கான்: வயரைப் பிடிங்க. சுடும், நுனியைத் தொடாதீங்க... சரி. பற்றரிக்குப் பதிலா மாட்டின ஹீற்றர் கொயில் வாளித் தண்ணிக்குள்ளதானே ஈக்கி?

மிதுனா: ஓம். சுவிச்சைப் போடுறன். பத்து... இருவது...

ரிப்கான்: எனக்கிப் பாக்க ஏலா. நீங்க செல்லுங்க.

மிதுனா: முப்பது... முப்பத்தைஞ்சு...

ரிப்கான்: நேத்து இந்த இடத்திலதான்...

மிதுனா: பேசாமல் இரும். நாப்பது... ஓடுது. வோல்ட் அசையேல்ல, ரிப்கான்.

ரிப்கான்: தண்ணியும் சுடத் தொடங்கிட்டு... என்ன, அழுறீங்களா?

மிதுனா: ஓம். சந்தோசம். ஆறு மாசமா இதுக்குத்தானே கிடந்து பாடுபட்டம்.

ரிப்கான்: எண்டாலும் நேத்து ஏன் நிண்ட எண்டு ஷரீப் நானா கேப்பார்.

மிதுனா: உம்மட பிழை எண்டு சொல்லுவன்.

ரிப்கான்: செல்லுங்க. நானும் உங்கட பிழை எண்டு செல்வேன்.

ஷரீப்: கதவு தொறந்து ஈந்திச்சு, நான் உள்ளுக்கு வந்துட்டேன். என்ன, ஓடுதா?

மிதுனா: வாங்கோ ஷரீப் நானா. நாப்பதில ஓடுது. நீங்களே மீற்றரைப் பாருங்கோ.

ரிப்கான்: நேத்து நிண்டதுக்குக் காரணம், ஷரீப் நானா... அது இவங்க...

மிதுனா: இவர்தான், பெட்டியை...

ஷரீப்: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. நேத்து மஃரிப் தொழுகைக்குப் பொறகு மிதுனா தங்கச்சி போன் எடுத்து, "பிழை என்ர, ரிப்கானை ஏசாதேங்கோ" எண்டு சென்ன. ராவு இஷா தொழுதுட்டு வாறேன், இவன் எடுத்து, "பிழை என்ட, மிதுனாவ ஏசாதீங்க" எண்டு செல்றான். அப்பவே அந்த வெளிநாட்டுச் சார்ஜர்காரன்ட்ட வேணாம் எண்டு செல்லிட்டேன். இண்டைக்கி இது ஓடாட்டியும் இன்னொரு மாசம் டைம் தாறேன் எண்டு செல்லத்தான் வந்தேன்.