கெட்டிமேளத்துக்கு ஊதிய சங்கு

ஆம்பூரில் நான் வேலூர் பஸ் ஏறியபோது, முன் சீட்டில் ஒரு பாய் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தாலி கட்டற நேரத்துல சங்கு ஊத வுட்டது என் தப்பு தான், சேகரு."

"சங்கா! இன்னா பாய் இது?"

"அந்தச் சங்கு இல்லப்பா, கம்பெனி சங்கு. நம்ம கல்யாண மண்டபம் ஒரு காலத்துல ஷூ கம்பெனியா இருந்தது தான? கூரை, கதவு, தெக்கிற டேபிள், எதையும் தூக்கிப் போடல. டேபிள்ல தான் இப்ப பந்தி. சங்கையும் எதுக்கு வீணாக்கணும், கெட்டிமேளத்தோட ஊதுவோம்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"வந்தவங்கள்ல பாதிப் பேரு அங்க வேல செஞ்சவங்க. ஷிஃப்ட் முடிஞ்ச மாதிரி எழுந்து கேட்டுக்குப் போய்ட்டாங்க."

"சங்கக் கழட்டிட்டீங்களா?"

"எதுக்கு? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எதனா மாத்திகினே தான் இருக்கேன். இப்ப கடைசிப் பந்தி முடிஞ்சதும் ஊதறேன். மண்டபம் உடனே காலி."

சேகர் சிரித்து ஓய்வதற்குள் பள்ளிகொண்டா வந்துவிட்டது.

"அது சரி, பொண்ணு மாப்ள இன்னா பண்ணாங்க?"

"பொண்ணும் அங்க தெச்சவ தான், அவளும் எழுந்துட்டா. மாப்ள மட்டும் தாலியக் கையில வெச்சிகினு உக்காந்திருந்தான். பாவம், அரக்கோணத்துக்காரன்."