பார்சல் கிடையாது

— உக்காருங்கக்கா. எந்திரிச்சீங்கன்னா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

— டேய் டிரைவரு, விளையாடாத. சார் என்ன சொன்னாரு? பாப்பாவ சேர்ல உக்கார வெச்சுட்டு நீ போய் கார்ல இரு ஆயான்னு சொன்னாரு. உன்னையும் காரை விட்டு இறங்காதன்னுதான சொன்னாரு?

— சொன்னாரு. கேட்டுச்சு. கார்ல இருந்தேன். பசிச்சுது. இறங்கி வந்தேன். இதுல என்ன தப்பு இருக்கு?

— சார் உக்கார்ந்திருக்கற அந்த மூலை டேபிள்ல இருந்து பார்த்தா நாம அப்படியே தெரிவோம்டா.

— தெரியட்டும்னுதான இந்த டேபிளப் புடிச்சேன்! பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும். நீங்க முதல்ல சேர்ல ஒழுங்கா உக்காருங்க. மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒட்டிக்கிட்ட ஆளு மாதிரி ஓரத்துல உக்கார்ந்திருக்கீங்க. சாயுங்க. பின்னாடி சாயுங்க. எப்படி இருக்கு?

— மெத்துன்னு இருக்கு.

— ஆங். அதுக்கும் சேர்த்துதான்க்கா இங்க பில்லு.

— சார் வேலைய விட்டுத் தூக்கிட்டாருன்னா?

— தூக்கினா வேற வீடு. வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வேலையா இல்ல? புள்ளைய வளர்க்கத் தெரிஞ்சவங்களுக்கு வேலையா இல்ல?

— உனக்கென்ன, கார் போனா வேற கார். எனக்கு வேற வீடு கிடைக்கும், வேற பாப்பா கிடைக்குமா? தொப்புள்கொடி விழுறதுக்கு முன்னாடில இருந்து என் தோள்ல கிடந்தவடா அவ. இப்பகூட பாரு, அவங்க அம்மா ஊட்டறாங்க, அவ வாயை இறுக்கி மூடிக்கிட்டு என்னையவே பார்க்கறா.

— நீங்க அந்தப் பக்கம் பார்க்காதீங்க. ஆளு வர்றாரு, ஆளு வர்றாரு. கெத்தா இருங்க.

— குட் ஆஃப்டர்நூன் மேடம், குட் ஆஃப்டர்நூன் சார். எங்க கடைக்கு முதல் தடவயா வர்றீங்களா?

— ஆமா சார். நாங்க சும்மா இப்படி... இதோ கிளம்பிடறோம் சார்.

— யக்கா! அவருதான் நம்மள சார்ங்கணும், நீங்க எதுக்கு அவர சார்ங்கறீங்க? எதுக்கு எந்திரிக்கறீங்க? பிரதர், தப்பா நினைக்காதீங்க, யாராச்சும் பக்கத்துல வந்து நின்னா எந்திரிச்சுருவாங்க, பழகிருச்சு.

— பரவால்ல சார். மேடம், ஜக்கை விடுங்க மேடம், தண்ணி நான் ஊத்தறேன்.

— அவருக்கே ஊத்தப் பார்க்கறாங்க. யக்கா, கைய மடியில வெச்சுக்கங்க.

— எங்க மெனு கார்டுல நாலே ஐட்டம்தான் சார். நாலும் பர்கர். கொத்துக்கறி இங்கயே அரைக்கிறோம், பன்னும் இங்கயே சுடறோம். நீங்க ஆர்டர் சொன்ன அப்புறம்தான் கறிய கல்லுல போடுவோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறோம், பார்சல் கிடையாது.

— முழுசா சாப்பிட முடியலன்னா என்ன சா... என்ன பண்றது?

— அப்பவும் கட்டித் தர மாட்டோம் மேடம். டப்பாவுல போட்டா ஆவி அடிச்சு பன்னு சொதசொதன்னு ஆயிடும். எங்க முதலாளிக்கு அது ஆகாது. என் பர்கர் என் கூரைக்குக் கீழ சூட்டோட சாப்பிடறவங்களுக்குத்தான்ம்பாரு.

— பிரதர், அந்த பார்சல் மேட்டர இன்னொரு தடவ சொல்லுங்களேன். கொஞ்சம் சத்தமா.

— பார்சல் கிடையாது சார்.

— ஆஹா! தேன் வந்து பாயுது காதுல. ரெண்டு பர்கர். இருக்கறதுலயே பெரிசு. அந்த வெங்காயத்த சக்கரப் பாகு கணக்கா வதக்கிப் போடுவீங்கல்ல, அது. சீஸ் ரெட்டையா. கறிய நல்லா அழுத்தி, ஓரம் மொறுமொறுன்னு.

— ஷ்யூர் சார். நிறைய தெரிஞ்சு வெச்சிருக்கீங்க.

— தெரியுமாவா? உங்க கடை வீடியோவப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதி வயிறு நிறைஞ்சிருச்சு பிரதர்.

— போயிட்டாரு. டேய், அத எதுக்கு ரெண்டு தடவ சொல்ல வெச்ச?

— யக்கா, இந்தக் கடைய சாருக்கு யார் காட்டினது?

— மேடம் போன்ல பார்த்திருப்பாங்க.

— நான்! டோல்கேட்ல வண்டி நிக்கிறப்ப மெதுவா அவுத்து விட்டேன். சார், இந்த ரூட்டுல ஒரு பர்கர் கடை இருக்கு, பெரிய பெரிய சினிமாக்காரங்கல்லாம் வண்டிய நிறுத்திச் சாப்பிடுவாங்கன்னு. சினிமாக்காரங்க என் கற்பனை. கடை நெசம். எதுக்கு சொன்னேன்? பார்சல் கிடையாதே! மிச்சத்தக் கொண்டாந்து கார் ஜன்னல்ல நீட்ட முடியாதே! உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாதான் நமக்குச் சாப்பாடுன்னு கணக்குப் போட்டேன்.

— கூப்பிட்டாங்களா?

— எங்க? டேஷ்போர்டுல பிஸ்கட் பாக்கெட் இருக்குன்னுட்டாங்க. இந்த மூளைக்கு அது மட்டும் எட்டல. அதான் நாமளே நம்மளக் கூப்பிட்டுக்கிட்டோம்.

— அட பாவி. எனக்கு நடுங்குதுடா.

— நடுங்கினா நடுங்கட்டும், உக்கார்ந்துட்டே நடுங்குங்க. போன டிரிப்புல கார்ல என்னக்கா சாப்பிட்டோம்?

— பீட்சா.

— பீட்சா இல்ல, பீட்சாவோட ஓரம். கடிச்சு வெச்ச ஓரம்.

— பாப்பா கடிச்சதுதானடா. அவ எச்சில் எனக்கு எச்சிலா?

— பாப்பாவுக்கு ரெண்டே பல்லு இருந்த நேரம் அது. அந்த ஓரத்துல அச்சுக் குத்தின மாதிரி முப்பத்திரெண்டு பல்லும் பதிஞ்சிருந்துச்சு.

— வாய மூடு. போன் அடிக்குது. ஐயோ, மேடம்!

— அங்க இருந்தா? பத்தடி தூரத்துக்கு போனா?

— ஹலோ... ஆமா மேடம்... இங்கதான் மேடம்... தெரியுதுங்க, நானும் உங்களத்தான் பார்க்கறேன்... இல்ல மேடம், பசிச்சுது... ஆமா, அவனும்தான்... இல்லல்ல, பில்லு நாங்களே குடுத்துக்கறோம்... சார் கோவமா இருக்காரா... பாப்பா சாப்பிடலையா? இங்க கொண்டாந்து விடுங்க மேடம், என் மடியில உக்கார்ந்து சாப்பிடட்டும். நானும் சாப்பிட்டுக்கறேன்... நல்லா இருக்காதா?... சரிங்க... என்ன மேடம்?... ம்... சரிங்க மேடம்.

— என்னவாம்? முகம் ஏன் இப்படி ஆகுது? திட்டினாங்களா?

— இல்ல.

— பின்ன?

— பசிக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா ஆயாம்மா, பார்சல் இல்லன்னாலும் மிச்சத்த டிஷ்யூ பேப்பர்ல சுத்தி என் ஹேண்ட்பேக்ல வெச்சு கொண்டாந்து குடுத்திருப்பேனேன்னாங்க.

— அடேங்கப்பா.

— பாசமாத்தான்டா சொன்னாங்க. அதான் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. திட்டியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன்.

— அப்ப போகல?

— போகல. எங்கடா அந்தப் பர்கரு, இன்னும் காணோம்?

— இதோ! இதோ வருது! யக்கா, பாருங்க பாருங்க, நடுவுல கத்திய குத்தி நிறுத்தி வெச்சுக் கொண்டு வர்றாங்க! பிரதர், மெதுவா, மெதுவா. ஐயோ, அந்த சீஸ் வழியறதப் பாருங்கக்கா. போட்டோ எடுக்கணும். வேணாம், ஆறிடும். வேணாம் வேணாம். எடுத்துக்கறேன் ஒண்ணே ஒண்ணு.

— கத்தி, ஃபோர்க் ரெண்டும் வெச்சிருக்கேன் மேடம். ஆனா கைல சாப்பிட்டாதான் நல்லா இருக்கும். என்ஜாய்.

— டேய், இத எந்தப் பக்கம் இருந்து ஆரம்பிக்கறது?

— யக்கா, என்ன பண்றீங்க? எதுக்கு சின்னச் சின்னதாப் பிச்சு தட்டு ஓரத்துல அடுக்கறீங்க? எதுக்கு ஊதறீங்க?

— ஆமால்ல.

— யாருக்கு ஊட்டப் போறீங்க?

— கை அதுவாப் போகுதுடா. எந்தத் தட்டப் பார்த்தாலும் பிச்சு, ஊதி...

— இன்னிக்கு வாய் உங்களோடது. ரெண்டு கையாலயும் புடிங்க. முழங்கைய டேபிள்ல ஊன்றுங்க. அழுத்தாதீங்க, பிதுங்கும். எடுத்துட்டீங்கன்னா கீழ வைக்கக் கூடாது, பிரிஞ்சு போயிடும். ஒரே மூச்சு. வாயை நல்லாத் திறங்க. இன்னும். பல்டாக்டர்கிட்ட காட்டற மாதிரி.

— சிரிப்புக் காட்டாதடா.

— கடிங்க!

— ம்ம்.

— எப்படி? எப்படி எப்படி?

— ம்ம்ம்.

— சொல்லுங்கக்கா, வார்த்தையில சொல்லுங்க!

— சுடுதுடா.

— அவ்வளவுதானா?

— டேய், வெளிய போய் ஒரு சாப்பாடு எனக்கு வாய்ல சுடறது இதான் முதல் தடவ. பேசாம சாப்பிடு.

— யக்கா, உங்க போன் திரும்ப அடிக்குது. மேடம்தான்.

— கை ரெண்டுலயும் பர்கரு. கீழ வைக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? அடிக்கட்டும்.

— யக்கா! இது நீங்கதானா? அடிச்சுத் தூள் பண்றீங்க. சீஸ் தாடையில இருக்கு, தொடைச்சுக்கங்க.

— இருக்கட்டும். கடைசியா மொத்தமாத் தொடைச்சுக்கறேன்.

— எக்ஸ்க்யூஸ் மி மேடம். சாப்பிடறப்ப தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்க. அந்த மூலை டேபிள் சார் கூப்பிட்டு ஒண்ணு சொன்னாரு. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

— சும்மா சொல்லுங்க பிரதர்.

— நீங்க ரெண்டு பேரும் அவரோட ஆளுங்களாம். தெரியாம உள்ள வந்துட்டாங்க, தட்ட எடுத்துட்டுப் போய் வெளிய செக்யூரிட்டி பெஞ்சுல வெச்சுக் குடுங்கன்னாரு. எங்க மேனேஜர் உங்ககிட்டயே ஒரு வார்த்த கேட்டுட்டு வரச் சொன்னாரு.

— என்ன கேக்கணுமாம்?

— நீங்க அவர் கூட வந்தவங்களான்னு, மேடம். ஆமான்னா அது ஒரே பார்ட்டி, அந்த சார் சொல்றபடிதான் நாங்க செய்யணும். இல்லன்னா நீங்க தனி கஸ்டமர். உங்கள எழுப்ப இங்க யாருக்கும் உரிமை கிடையாது, எங்க முதலாளியே வந்தாலும்.

— யக்கா... சார் எந்திரிச்சு நிக்கிறாரு. நம்மளையே பார்க்கறாரு.

— பார்க்கட்டும்னு சொன்ன?

— அது அவரு உக்கார்ந்திருந்தப்ப. இப்ப நிக்கிறாருல்ல. யக்கா, போதும்க்கா. சாப்பிட்டாச்சு, காட்டியாச்சு, இதுக்கு மேல வேணாம். பெஞ்சுல உக்கார்ந்தாலும் இதே பர்கர்தான? ருசி மாறிடுமா என்ன?

— பெஞ்சுக்குப் போனா பார்சல் ஆகறது நாமதான்டா.

— எங்க வீட்டுல எல்லாரும் என் புள்ள பெரிய கார் ஓட்டறான்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்காங்கக்கா. நான் ஏதோ ஒரு வேகத்துல... வாங்கக்கா. பிரதர், தட்ட எடுத்துக்கங்க, நாங்க வெளியவே...

— என் தட்டுல கை வைக்காதீங்க தம்பி.

— சாரி மேடம்.

— உங்க மேல தப்பு இல்ல. மேனேஜர்கிட்ட சொல்லுங்க. நான் அவரு கூட வந்தவ இல்ல.

— யக்கா! யோசிச்சுதான் பேசறீங்களா? அப்படிச் சொல்லிட்டு திரும்ப அந்தக் கார்ல எப்படி ஏறுவீங்க?

— ஏற மாட்டேன். ரோட்டுல பஸ்ஸா ஓடல?

— பாப்பா?

— அவளத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

— கையாட்டறாக்கா.

— தெரியுது. சும்மா இரு. அவளும் ஒரு நாள் வளருவாடா. வளர்ந்து, இந்த மாதிரி ஒரு கடையில சாப்பிட்டுட்டு, மிச்சத்த டிஷ்யூ பேப்பர்ல சுத்தி எனக்குக் கொண்டாந்து குடுப்பா. அவங்க அம்மா மாதிரியே பாசமாத்தான் குடுப்பா. அத என்னால வாங்க முடியாது. அவ கையால முடியாது.

— மேடம், தண்ணி குடிங்க.

— வேணாம் தம்பி. அந்த டேபிள் மேடம்கிட்ட இதையும் சொல்லிடுங்க. பாப்பா கேட்டா, ஆயா ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லச் சொல்லுங்க. பொய்தான், பரவால்ல.

— அப்ப நீங்க ரெண்டு பேரும் தனின்னு சொல்லிடறேன் மேடம்.

— என்னைய பத்தி மட்டும்தான் நான் சொன்னேன். இவனுக்கு இவனே சொல்லிக்கட்டும்.

— யக்கா...

— எங்கிட்ட கேக்காத. உனக்கு வீடு இருக்கு, தெரு பூரா சொல்லி வெச்சிருக்காங்க. பெஞ்சுல போய் உக்கார்ந்தாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

— நெசமா ஒண்ணும் நினைக்க மாட்டீங்களா?

— மாட்டேன்.

— கோழப்பயலேன்னாச்சும் திட்டுங்கக்கா. ஒரு வார்த்த.

— சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், தொந்தரவு பண்ணாத.

— சார்? அவரு இங்கயே வர்ற மாதிரி இருக்கு. நான் என்னன்னு போய்ச் சொல்லட்டும்?

— கைய நீட்டுங்க பிரதர். இது கார் சாவி, அவர்கிட்ட குடுத்துட்டு, அக்காவுக்கு இன்னொரு பர்கர் கல்லுல போடச் சொல்லுங்க.