விடுதியில் போட்ட இலை

பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியில் எனக்கு முன்வரிசையில் இரண்டு பெண்கள். மூத்தவர் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“சாப்பிட உக்காந்தவங்களுக்குக் கருமாதி இலை போட்டு வச்சிருக்கான்! அதப் பாக்க டிக்கெட் வேற!”

“மியூசியத்துப் பொம்மைங்கதானேக்கா?”

“பொம்மைன்னா? அந்தக் காலத்துல நம்மாளுங்க தங்குன விடுதி, அப்படியே வச்சிருக்கோம்னு போர்டு மாட்டியிருக்கான்லா. பந்தியில பாத்தா, எல்லா இலையிலயும் நுனி வலது பக்கம்! நல்ல நாள்ல இடது பக்கம்தானே போடுவோம்?”

“கைடுகிட்டச் சொல்லலியா?”

“சொன்னேன். சிரிக்கிறான். ‘ஆன்ட்டி, வர்றவங்க எதிர்ல நின்னுதானே பாக்குறாங்க, அவங்களுக்கு இடது பக்கமாத்தான் தெரியும்’ங்கிறான். இலை யாருக்குடா, சாப்பிடுறவனுக்கா, வேடிக்கை பாக்குறவனுக்கான்னு கேட்டேன்.”

“அப்புறம்?”

“கயித்தத் தாண்டிப் போயி அத்தனை இலையையும் திருப்பிப் போட்டேன். செக்யூரிட்டி ஓடி வந்து, ‘வெளிய வாங்க, வெளிய வாங்க’ன்னு கத்துறான்.”

“அய்யோ! வந்துட்டீங்களா?”

“இப்பத்தான் இலை சரியாப் போட்டிருக்கு, அவங்க சாப்பிட்டு எந்திரிக்கட்டும், வர்றேன்னுட்டேன்.”