ஆளுக்கொரு கூடைப் பழம்

மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பால்வாடி டீச்சரும் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு தாயும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஏனுங்க டீச்சர், எனக்குப் பல்லு வலின்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“பல்லு வலிக்கு யாரு கண்ணு ஆளுக்கொரு கூடை காப்பிப் பழம் பறிச்சு, வைத்தியச் செலவுக்குன்னு உன் பேர்ல எடை போடுவாங்க? மார்ல கட்டின்னுதான் மத்த தாய்மாருங்ககிட்டச் சொன்னேன்.”

“நொம்ப வெக்கமா இருக்குதுங்க.”

“பால்வாடி விட்டதும் உன்ற புள்ள உன்னத்தான் தேடும். வெக்கத்தையா தேடும்? இன்னொண்ணு கேளு. நான் சொன்னப்புறம் ரெண்டு பேரு தனியா வந்து, எங்களுக்கும் கட்டி இருக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு வரத்தான் பயப்படறாங்க.”

இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அந்தத் தாய் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“இன்னிக்கு ஆஸ்பத்திரில எந்த வாசல், எந்த டாக்டருன்னு பாத்து வெச்சுக்கறனுங்க. அடுத்த வாரம் அவங்கள நானே கூட்டிட்டு வர்றனுங்க.”