மருமகன் விதியும் ஒரு மணித்தியாலமும்

போன ஞாயிறு வின்டர்தூர் மண்டபத்தில் நீங்கள் தந்த தேத்தண்ணியும் பற்றிஸும் மிக நன்றாக இருந்தன. ஒழுக்காற்றுக் குழு என்றால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று பயந்துதான் வந்தேன். கதைத்து முடிப்பதற்குள் அடுத்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்த பிறந்தநாள் விழாக்காரர் பலூனோடு வந்துவிட்டார்கள். ஆகவே மீதியை எழுதித் தருகிறேன்.

நம் சுவிஸ் தமிழ் உதைபந்தாட்டப் போட்டியில் ஊஸ்டர் அணியின் பொறுப்பாளரான சிவானந்தராசா, அதாவது நான், வீரர்களைப் பங்கிடும் டிராஃப்டைச் சுத்துவதற்காக என் மகள் தனுஷியாவுக்கும் முன்கள வீரர் பிருந்தனுக்கும் பொய்க் கலியாணம் செய்துவைத்தேன் என்பது உங்கள் குற்றச்சாட்டு. பொய்க் கலியாணம் என்ற சொல் என்னை நோகடித்துவிட்டது. மற்றபடி உங்களோடு எனக்குக் கோபமில்லை.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பழைய கதையைச் சொல்கிறேன். முன்பு ஊர் ஊராக அணி கட்டினோம், வருடா வருடம் கைகலப்பில் முடிந்தது. அமெரிக்க உதைபந்தாட்டம் பார்க்கிற எங்கள் பெடியள்தான் டிராஃப்ட் என்ற யோசனையைக் கொண்டுவந்தார்கள். எல்லா வீரர்களின் பெயரும் ஒரே பட்டியலில். எட்டு அணிகளும் சீட்டுக் குலுக்கி, விழுந்த வரிசைப்படி ஒவ்வொருவராகத் தெரிவுசெய்வது. விரும்பினால் அணிகள் தங்கள் முறையை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளலாம். முதல் வருடமே தகப்பன் ஓர் அணி, மகன் எதிரணி என்றாகி, தாய்மார் கோபத்தில் சமைக்க மறுத்து, மைதானத்தில் விற்க ஒரு ரோல்ஸ்கூட இல்லாமல் போனது. அதனால்தான் பொறுப்பாளரின் மகன், தம்பி, மருமகன் ஆகியோர் பட்டியலுக்கு வராமலே அவருடைய அணியில் ஆடலாம் என்ற விதி வந்தது. மருமகனைச் சேர்க்கச் சொன்னது யாரோ, நான் கையை மட்டும்தான் தூக்கினேன்.

முறை மாற்றுவதில் இரண்டு கட்சி உண்டு. வின்டர்தூர் அணியின் ஸ்ரீஸ்கந்தராஜா வழக்கமாக மேலே ஏறுகிறவர். இரண்டு மூன்று முறைகளைக் கொடுத்து ஒரு பெரிய ஆட்டக்காரனைப் பிடிப்பார். நான் கீழே இறங்குகிறவன். முன்முறையைக் கொடுத்து, பின்னால் இரண்டு முறை வாங்குவேன். ஒரு நட்சத்திரத்துக்குக் கணுக்கால் சுளுக்கினால் எல்லாம் போச்சு, மூன்று நடுத்தரமான பெடியள் என்றால் ஒருவனாவது நிற்பான். இதை நான்கு வருடம் எல்லோருக்கும் பாடமாக எடுத்தேன். நான்கு வருடமும் கால் இறுதியில் வெளியே வந்தேன். இருபத்தாறு வருடமாக முதியோர் இல்லத்தில் மற்றவர்களைத் தூக்கி இருத்துகிறவன் நான். எனக்கும் ஒரு கிண்ணத்தைத் தூக்கிப் பார்க்க ஆசையாக இருந்தது.

இந்தமுறை சீட்டில் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு முதலாவது, எனக்கு ஆறாவது. பட்டியலில் பிருந்தன். போன வருடம் பத்தொன்பது கோல்.

"அண்ணை, உங்கட முதல் மூண்டு முறையையும் தாங்கோ, என்ர முதல் முறையை எடுங்கோ" என்றார் அவர்.

"ஒருத்தனுக்கு மூண்டு பேரோ? உமக்கு விசரோ?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அப்போது கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகளும் ஆரணன் என்ற பெடியனும் மூன்று வருடமாக விருப்பம். பாசலில் டிராம் ஓட்டுகிறவர், நல்ல பிள்ளை. வந்தால் மற்றவர்களின் சப்பாத்தையும் சேர்த்து நேராக அடுக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். பாசல் அணி வருடா வருடம் எடுக்கிற கோல்கீப்பர். கோல்கீப்பர்கள் கடைசிச் சுற்றில் கிடைப்பார்கள் என்பதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவருடைய தாயார் யசோதரா, கணவனை இழந்தவர், ஒரே மகன். சம்பிரதாயத்துக்காக மகளின் சாதகக் குறிப்பைக் கேட்டார். நாங்கள் அதுவரை எழுதியிருக்கவில்லை. கொக்குவில் சாத்திரியாருக்கு வாட்ஸப்பில் பிறந்த நேரத்தை அனுப்பும் பொறுப்பு என்னுடையது.

மகள் பிறந்தது ஜூலை மாதம். இங்கே ஆஸ்பத்திரி அட்டையில் இருப்பது கோடைகால நேரம், ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. குறிப்பு எழுத அதைக் கழிக்க வேண்டும். சுவிஸில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும், சாத்திரியாருக்குத் தெரியாது. இரண்டு நேரத்தையும் என் போனிலுள்ள சாதகச் செயலியில் போட்டுப் பார்த்தேன். கழித்தால் செவ்வாய் ஒன்பதாம் வீட்டில், ஒரு தொந்தரவும் இல்லை. கழிக்காவிட்டால் எட்டில். எட்டில் செவ்வாய் என்றால் புருசனுக்கு ஆகாது என்பார்கள். பிருந்தனின் தாயாரோ மூன்று வருடமாகச் செவ்வாய்க் குற்றம் உள்ள பெண்ணைத் தேடி அலைகிறார், ஏனென்றால் பிருந்தனுக்கும் அது உண்டு.

நான் கழிக்கவில்லை.

யசோதராவைச் சமாளிக்கலாம் என்று ஆரணன் நின்றார். இதையெல்லாம் நம்புவதில்லை என்றும் சொன்னார். ஒதுங்கியது என் மகள்தான். அவளாகவே. நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை.

"அப்பா, சாத்திரியார் வடிவாப் பாத்துத்தான் சொன்னவரோ?"

"ஓம் பிள்ளை. ரெண்டு தரம் பாத்தவர்."

"அப்ப சரி. அவருக்கு ஒண்டும் நடக்கக் கூடாது."

பதினொரு நாள் அழுதாள். வேலைக்கும் போகவில்லை. அவள் வேலை செய்கிற பல் வைத்தியர் இரண்டு தரம் போன் எடுத்தார். குழுவினரே, பொய்க் கலியாணத்துக்கு யாராவது பதினொரு நாள் அழுவார்களோ? மார்ச்சில் பிருந்தனோடு சிவில் பதிவும் தாலிகட்டும் முடிந்தன. இருநூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள், உங்களில் இருவர் இரண்டாம் பந்தியிலும் இருந்தீர்கள். செவ்வாய் உள்ளவரைக் கட்டிய பெண்ணுக்குச் செவ்வாய் இல்லாவிட்டால் அவளுக்குத்தான் ஆபத்து என்று ஒரு கணக்கு உண்டு. நான் அதெல்லாம் நம்புகிறவன் இல்லை. அணிப் பட்டியல் கொடுக்கும்போது இராகு காலம் பார்ப்பது வெறும் பழக்கம்.

பிருந்தன் விதிப்படி என் அணிக்கு வந்தார், ஒரு முறையும் செலவில்லை. கையிலிருந்த ஆறாவது முறையை லுசேர்ன் அணிக்குக் கொடுத்து இரண்டு முறை வாங்கினேன். ஒரே பருவத்தில் மேலேயும் ஏறி, கீழேயும் இறங்கியவன் சுவிஸில் நான் ஒருவன்தான். ஸ்ரீஸ்கந்தராஜாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கிழமை முழுக்க வேலையில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தேன்.

இறுதி ஆட்டம் எங்களுக்கும் பாசலுக்கும். மகளும் வந்தாள். ஆரணன் நின்ற கோலுக்கு எதிர்ப்பக்கத்து மூலையில் போய் நின்றாள். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின, அவளும் மறு மூலைக்கு மாறினாள். எங்கள் அணிக்கு ராசி பார்க்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு கோல் பின்னால் நின்றபோது, கடைசி நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி. பிருந்தன் அடித்தார், ஆரணன் இடப்பக்கம் பாய்ந்து பிடித்தார், தலை கம்பத்தில் பட்டுக் கொஞ்ச நேரம் கிடந்தார். மகள் மைதானத்துக்குள் நாலு அடி ஓடிவந்து, பிறகு நின்று, திரும்பி, வாகனத் தரிப்பிடம்வரை ஓடினாள். நான் பின்னால் போனேன்.

"எழும்பிட்டாரோ?" என்று கேட்டாள்.

"எழும்பிட்டார். நாங்கள்தான் தோத்திட்டம்."

"நான் இஞ்ச வந்திருக்கக் கூடாது அப்பா" என்றாள்.

ஆறுதலாக முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அன்று நான் உண்மையிலேயே கவலைப்பட்டேன். என் கணக்கு எங்கே பிழைத்தது என்று யோசித்தபோது விளங்கியது. கோல்கீப்பரை நான் மலிவாக நினைத்துவிட்டேன். அவசரப்படாமல் இருந்திருந்தால் அதே விதியில் ஆரணன் என் அணிக்கு வந்திருப்பார். அந்தப் பிழையை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே பணிவான ஒரு கேள்வி. விவாகரத்து முடிந்து மறுமணம் நடந்தால், புது மருமகனுக்கு அடுத்த பருவத்திலேயே அந்த விதி பொருந்துமா? பொருந்தும் என்று எழுத்தில் தாருங்கள். தந்த அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதுவரை இந்தக் கடிதம் நமக்குள் இருக்கட்டும்.